பெண்ணின் தகப்பன்

நிந்தவூரில் டொக்டர்மாரைப் பார்க்க முன்கூட்டியே நம்பர் எடுப்பதற்கான செயலியை நடத்திவந்தாள் பஸ்னா. ஒருநாள் அவளுடைய அலுவலகத்துக்குப் பெரியவர் ஒருவர் வந்தார்.

“மகள், எங்களுக்குள்ள ஒரு கலியாணம் பேசிருக்கு. பொண்ணுட வாப்பா உதுமாலெப்பை மனநோய் டொக்டர்ட்டப் போறாராம். உங்கட கொம்பியூட்டர்ல ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க.”

“ஏலா, சாச்சா. அதெல்லாம் ஆருக்கும் காட்டுறல்ல.”

“பேரு இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொன்னாப் போதும்.”

“அதையும் சொல்லமாட்டன்.”

“நான் பள்ளிவாசல் நிருவாகத்துல இருக்கிற ஆள், மகள்.”

“ஆரு வந்து கேட்டாலும் இதுதான் பதில்.”

பெரியவர் கதவுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

“அப்ப எனக்கொரு நம்பர் போடுங்க. வெளிய தெரிஞ்சிருமோ எண்டு பயந்து ரெண்டு மாசமா மருந்தும் எடுக்கல்ல.”

“என்ன பேருக்கு, சாச்சா?”

“உதுமாலெப்பை. நான்தான் பொண்ணுட வாப்பா.”