புகை ஈஸ்வர் காட்டிய இடம்

ஈஸ்வர் நீரோட்டம் பார்த்துச் சொன்ன ஏழு போரிலும் தண்ணீருக்குப் பதில் மண்புகைதான் கிளம்பியது. ஊரே அவருக்குப் ‘புகை ஈஸ்வர்’ என்று பட்டம் கட்டிவிட்டது. அப்படியிருந்தும் கோழிப்பண்ணை மயில்சாமி அவரைத்தான் தேடி வந்தார்.

“உங்களை நம்பித்தானுங்க வந்திருக்கேன். எடத்தை மட்டும் காட்டுங்க.”

உள்ளங்கையில் படுத்திருந்த தேங்காய் எழுந்து நின்ற இடத்தை ஈஸ்வர் காட்டினார். பொக்லைன் பன்னிரண்டடி தோண்டியதும் தண்ணீர் குபுகுபுவெனப் பொங்கியது. ஈஸ்வருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனிமே எவனாச்சும் என்னையப் புகைன்னு சொல்லட்டுங்க, பாக்கலாம்.”

மயில்சாமி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“செத்த கோழியப் பொதைக்கத் தண்ணி ஊறாத குழி வேணும்னுதானுங்க உங்களைக் கூட்டியாந்தேன். இதுக்குக்கூட நீங்க ஆகமாட்டீங்களா?”