விட்டமின் டப்பா

"மூணு வருஷமா வராத வலிப்பு நேத்து ஆபீஸ்ல ஏன் வந்தது? டிப்ரஷனுக்கு மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா? சிலது வலிப்பைக் கிளப்பிவிடும்" என்றார் அடையாறு டாக்டர்.

"எனக்கா டிப்ரஷன்? எங்காத்துல எல்லாரும் சந்தோஷமா இருக்கோம் டாக்டர்!" என்றான் ராகவேந்திரன்.

கல்யாணமாகி ஒரு வருஷம். தனக்கு வலிப்பு உண்டு என்பதை மனைவி வர்ஷினியிடம் சொல்லாத அளவுக்குச் சந்தோஷம். மாத்திரையை விட்டமின் டப்பாவில் போட்டு வைத்து, சமையல்கார பங்கஜம் மாமி தினமும் அதிலிருந்து காபியோடு கொண்டுவந்து வைப்பதை அவள் எதிரிலேயே விழுங்குவான். அவளும் தன் விட்டமின் டப்பாவிலிருந்து மாமி எடுத்துத் தருவதை விழுங்குவாள். ஆரோக்கியமான தம்பதி!

மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பியபோது அலமாரியில் ஒரு டப்பாதான் இருந்தது.

"இன்னொண்ணு எங்கே மாமி?" என்று பங்கஜம் மாமியைக் கேட்டான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வெள்ளை விட்டமின், எதுக்கு ரெண்டு டப்பா? போன வாரமே ஒண்ணாக் கொட்டிட்டேன். காலி டப்பால பெருங்காயம் வெச்சிருக்கேன்."

ராகவேந்திரன் வர்ஷினியிடம் ஓடினான். வலிப்பு மாத்திரையை ஒரு வாரமாக அவளும் விழுங்கியிருக்கிறாள்! இனி மறைக்க முடியாது.

"வர்ஷினி... அது விட்டமின் இல்ல."

அவள் பொலபொலவென்று அழுதாள்.

"தெரிஞ்சுபோச்சா? டிப்ரஷன் மாத்திரைன்னு சொன்னா உங்காத்துல பொண்ணே வேண்டாம்னுடுவான்னு, எங்கப்பாதான் விட்டமின்னு சொல்லச் சொன்னார்!"