மூணு போட்டவன்

“என்னா வளவா, இப்பவாவது பூஜ்ஜியத்துலேர்ந்து எண்ணறியா?”

நுழைந்ததும் நுழையாததுமாக நீலாவதி கிண்டலை ஆரம்பித்துவிட்டாள்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அதே மாடி, அதே கம்ப்யூட்டர் சென்டர். நாலு வருஷம் கழித்து, தன் கல்யாணப் பத்திரிகையோடு மெட்ராஸிலிருந்து வந்திருந்தாள். கூடப் படித்த வளவன் இப்போது அங்கேயே வாத்தியார்.

“வா நீலா. டீ சொல்லட்டா?” என்று சிரித்தான்.

பாடம் கேட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் அவளே கதையை அவிழ்த்துவிட்டாள்.

“2005ல ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு எங்க கிளாஸ்லேர்ந்து அஞ்சு பேரு. பேரெல்லாம் வளவன் எழுதுன பெர்ல் புரோகிராமுல ஒரு லிஸ்ட்டு, அட்டெண்டன்ஸ் வரிசையில. கம்பெனிக்கு மெயில் அனுப்பற நேரத்துல சென்டர் ஓனரு வந்து இவன்கிட்ட, ‘மூணாவது பேரை எடுத்துட்டு என் மச்சான் மவன் தங்கதுரையைப் போடு’ன்னுட்டாரு. மூணாவது நான். அழுதுகிட்டே வூட்டுக்குப் போயிட்டேன்.”

“அப்புறம்க்கா?”

“கம்ப்யூட்டர் லிஸ்ட்டுல எண்ணிக்கை பூஜ்ஜியத்துலேர்ந்துதானே? மூணாவது ஆளுக்கு நம்பரு ரெண்டு. இந்த அதிமேதாவி மூணுன்னு போட்டுட்டான்! நாலாவது ஆளு பேரு போயி, அங்க தங்கதுரை வந்து உக்காந்துகிட்டான். அந்த நாலாவது ஆளு யாரு தெரியுமா?”

வளவனைக் கை காட்டினாள். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

“மெயிலு போயிடுச்சி, மாத்த முடியல. ஓனரு திட்டுன திட்டு இருக்கே! எனக்கு வேலை கெடைச்சுது. இவன் இங்கயே...”

சட்டென்று பத்திரிகையை எடுத்து அவனிடம் நீட்டினாள். பாவம், கெட்டிக்காரன். ஒரு எண்ணைத் தவறவிட்டுப் பிழைப்பைக் கோட்டை விட்டுவிட்டான்.

டீ வந்தது. “அய்ய, என் நீலப்பூ கப்பு! இன்னமும் வெச்சிருக்கியா?”

வளவனின் அப்பாவுக்குப் பீங்கான் சூளையில் வேலை. படிக்கும்போது ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கப் சுட்டுக் கொடுத்தார். அடியில் வரிசை நம்பரும் பெயரும் எழுதியது வளவன்தான். அதை யார் திருப்பிப் பார்த்தார்கள்?

டீயைக் குடித்து முடித்துவிட்டு, ஆசையாகக் கப்பைக் கவிழ்த்தாள்.

‘2. நீலாவதி. 2004.’

அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. எட்டி வளவனின் காலிக் கப்பை எடுத்துத் திருப்பினாள்.

‘3. வளவன். 2004.’

அந்த மெயில் போவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி எழுதிச் சுட்டது.

“வளவா... தெரிஞ்சேதான் மூணு போட்டியா?”

அவன் கப்பை மெதுவாக வாங்கி மேஜையில் நிமிர்த்தி வைத்தான்.

“சூளையில சுட்ட எழுத்து நீலா. அழிக்கத்தான் முடியல.”