நாற்பதாம் எண்

பத்தாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால்தான் அங்கீகாரம் நீளும். இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். 1987 ஜூனில் முப்பத்தொன்பது பையன்களே சேர்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் தனுஷ்கோடி ராஜபாளையம் முழுக்க அலைந்தும் இன்னொருவன் அகப்படவில்லை. வருகைப் பதிவேட்டில் நாற்பதாம் எண்ணை மட்டும் எழுதி, பெயரை விட்டுவைத்தார்.

மறுநாள் எண்களை வாசித்தபோது வாய்தவறி, "நாற்பது" என்றார்.

"உள்ளேன் ஐயா."

"எவம்லே அது?"

எவனும் ஒத்துக்கொள்ளவில்லை. பிரம்பு முறிந்ததுதான் மிச்சம். குரல் தினமும் வந்தது. தீபாவளிக்குள் அவருக்கும் பழகிவிட்டது.

"பேரில்லாதவனே ஒழுங்கா வருதான், ஒனக்கென்னலே காய்ச்சல்?" என்று மற்றவர்களைத் திட்டினார்.

பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அதிகாரி வந்தார். வரிசை வரிசையாகத் தலைகளை இரண்டு தடவை எண்ணினார். "நாப்பது. சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஜீப் கிளம்பியதும் பையன்கள் விசிலடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். நான்கு பேர் யாரையோ தூக்கிப் போவதுபோல் தோள்களை நெருக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். மேலே யாரும் இல்லை.

"ஏலே, செத்த நேரம் நீ பிடி. எம்புட்டு கனக்கான்!"

"நில்லுங்கலே, நானும் வாரேன்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய தனுஷ்கோடி, தோளைக் கொடுத்தார்.

கனமாகத்தான் இருந்தான்.