பெரிய துண்டு

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைப் பாயின்மேல் கோடு கோடாக விரித்திருக்கிறது. நடுவே மீன்சோற்றுத் தாம்பாளம். சுற்றிலும் ரொக்காயாவும் அவள் தம்பி மாலிக்கின் குடும்பமும். அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் அள்ளுகிறார்கள். மீனைப் பிட்டு எல்லார் முன்னாலும் தள்ளுவது ரொக்காயாவின் கை. டாக்காரில் அது வீட்டுக்காரியின் உரிமை. பெரிய துண்டு மட்டும் விருந்தாளிக்கு. சனிக்கிழமை சான் லூயிக்குப் போகிறார்கள். இரும்புப் பாலம், பழைய மாளிகைகள், படகுத்துறை என்று பேச்சு ஓடுகிறது. "அத்தை கார்ல எங்க உக்காருவாங்க?" என்கிறாள் மாலிக்கின் மகள் அஸ்து. மாலிக் சோற்றை உருட்டியபடியே, "இடம் ஏதுடி? அக்கா அங்கயே பொறந்து வளர்ந்தவ. அவளுக்குப் பாக்க என்ன இருக்கு?" என்கிறான். "வீட்டுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்கிறாள் அவன் மனைவி சைனபு. மாடிக் கொடியில், பயணத்துக்கென்று ரொக்காயா கஞ்சி போட்டுக் காயவைத்த நீல அங்கி படபடக்கிறது. "பாலத்துல காத்து பலமா அடிக்கும். பிள்ளைக்குத் தலைய மூடிக் கூட்டிட்டுப் போ" என்கிறாள் ரொக்காயா. விரல்கள் மீன் முள்ளிலேயே நின்றுவிடுகின்றன. சைனபு எட்டி மீனைப் பிட்டு, இருப்பதிலேயே பெரிய துண்டை மெல்ல ரொக்காயாவின் முன்னால் தள்ளுகிறாள். "சாப்பிடுங்க அண்ணி."