பாயில் வைக்காத கல்

எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்தப் பழைய ராணுவ ஹெலிகாப்டரைக் காளப்பநாயக்கன்பட்டிக் கல்லூரி வாசலில் காட்சிக்கு நிறுத்தியிருந்தார்கள். பட்டாளத்தில் அதற்கு மெக்கானிக்காக இருந்த சென்னியப்பன்தான் வாரம் தவறாமல் துடைப்பார்.

மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டிலிருந்து சந்தைக்கு இறங்கிய சின்னக்கண்ணு நின்று பார்த்தாள்.

"மழையில ரோடு அத்துப்போனப்ப இதுதானுங்க மலைக்கு அரிசி கொண்டாந்துச்சு. சத்தம் கேட்டதும் மொளகு காயற பாய்மேல கல்லு வெப்போம். இல்லாட்டிப் பறந்துரும்."

"அதெல்லாம் அந்தக் காலம் அம்மிணி," என்றார், துடைத்துக்கொண்டிருந்த சென்னியப்பன் ஏக்கத்தோடு.

"இப்பல்லாம் சத்தமே இல்லாம வருதுங்க. கல்லு வெக்கறதுக்குள்ள, நேத்துப் பாதி மொளகு போச்சு."

சென்னியப்பன் சிரித்தபடி ஹெலிகாப்டர் கதவின் பூட்டைத் திறந்தார். உள்ளே தரையெல்லாம் சரியாகக் காயாத மிளகு சிதறிக் கிடந்தது.

சின்னக்கண்ணு முந்தானையை விரித்து அள்ளினாள். "இனி வர்றப்ப ஒரு சத்தங் குடுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் அம்மிணி," என்றவர், எஞ்சின் இருந்த வெற்றுக் கூட்டைத் தடவிக்கொடுத்தார்.