நாற்பது படமும் ஒரு ஜன்னலும்

"மெசேஜ்ல அனுப்பினா தெளிவு போயிடும்க்கா. கேபிள் போட்டே ஏத்து" என்று தங்கை போனை நீட்டினாள். அவள் புது வீட்டுப் படங்கள் நாற்பதும் அக்காவின் பழைய கம்ப்யூட்டரில் ஏறின. அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காத அக்கா, வயிற்றெரிச்சலோடு ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, சுவரில் ஒரு விரிசலாவது கிடைக்காதா என்று தேடினாள். விரிசல் இல்லை. ஆனால் சொல்லிவைத்தாற்போல எல்லாப் படத்திலும், ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. அது அக்காவுடைய முகம்தான்.

"வீட்ல ஒரு குறையும் இல்லக்கா" என்றாள் தங்கை. "ஜன்னல் கண்ணாடி மட்டும், எவ்வளவு துடைச்சாலும் யாரோ மூச்சு விட்ட மாதிரி மங்கிடுது."

அக்கா பெருமூச்சு விட்டாள்.

நாற்பதாவது படத்தில், அந்த மூக்குக்கு நேரே கண்ணாடி மங்கியது.